டிராக்டர் கடன் முடிந்தது. சர்வீஸ் பணத்தை மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன் கடனில் வாங்கிய டிராக்டருக்குப் போன மாதம்தான் கடைசித் தவணை கட்டினேன். சொந்த நிலத்து வேலை போக வாடகைக்கும் ஓடுகிறது. மீட்டரில் 4,000 மணி நேரம் காட்டுகிறது. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. “வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, 400 வரை தள்ளலாம்” என்கிறார் டிரைவர். அதில் மிச்சமாகும் பணத்தையும் தவணைப் பணத்தையும் சேர்த்துத் தொடர் வைப்பில் போட நினைக்கிறேன். பெரிய வேலை வந்தால் அப்போது கடன் வாங்கிக்கொள்ளலாம்தானே?

பதில்: தவணைப் பணத்தைச் சேமியுங்கள், தாராளமாக. ஆயிலில் கை வைக்காதீர்கள்.

டிராக்டரின் வயதை மணிக்கணக்கில்தான் பார்க்க வேண்டும். செலவும் மணிக்கணக்கில்தான் ஏறும், ஆனால் சீராக ஏறாது. அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர்கள் சங்கத்தின் கணக்கு முறை ஒன்று உண்டு. பின் சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கும் (2WD) டிராக்டருக்கு, ஓடிய மணி நேரத்தை ஆயிரத்தால் வகுத்து, வந்த எண்ணை அதாலேயே பெருக்கி, பிறகு 0.7-ஆல் பெருக்க வேண்டும். பராமரிப்புக்கும் ரிப்பேருக்கும் அதுவரை ஆகியிருக்கும் மொத்தச் செலவு, புது வண்டி விலையில் எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும்.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 800 மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். முதல் வருடத்துக்கு அரை சதவீதம்கூட வராது. 4,000 மணி வரை மொத்தம் 11.2 சதவீதம். அடுத்த 800 மணி நேரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 5. அதாவது முதல் வருடம் செலவழித்ததைப் போல 11 மடங்கு, வரப்போகிற ஒரே வருடத்தில்! இது சராசரிதான், மண்ணையும் ஓட்டுகிற கையையும் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் போக்கு இதுதான். வண்டி தனக்கென்று பணம் கேட்க ஆரம்பிக்கும் நேரத்தில் சரியாக உங்கள் தவணை முடிந்திருக்கிறது.

அதனால் அந்த 5 சதவீதத்தை முதலில் தனியாக்குங்கள். விலை என்று நான் சொல்வது, அதே மாதிரி வண்டி இன்று விற்கும் விலை. நீங்கள் அன்று கொடுத்தது இல்லை. அந்த விலையில் 5 சதவீதத்தை 800-ஆல் வகுத்தால் மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வரும். வாடகை கைக்கு வந்த அன்றே அதை எடுத்துத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். சொந்த நிலத்தில் ஓடிய மணிக்கும் போட வேண்டும். அங்கே வாடகை தர ஆள் இல்லை என்பதால் பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். தவணைப் பணத்தில் இதுபோக மிஞ்சுவது தொடர் வைப்புக்குப் போகட்டும். வேலை இல்லாத மாதத்தில் முதிர்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச், ஹைட்ராலிக் மாதிரி பெரிய வேலைகளை நிதானமாகச் செய்ய அந்த மாதம்தான் தோது.

அப்புறம் அந்த 400 மணி நேர யோசனை. டீசல் இன்ஜினில் ஆயில் போட்ட கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. ஆயில் எப்போது தேய்ந்துபோனது என்று நிறத்தையோ ஓட்டத்தையோ வைத்துச் சொல்ல முடியாது. கையேட்டில் உள்ள மணிதான் கணக்கு. தள்ளிப்போடுவதால் மிச்சமாவது கொஞ்சம் ஆயிலும் ஒரு பில்டரும்.

ஆயிலைவிட எனக்குப் பயம் தூசியில். என் அண்ணன் ஆயிலும் பில்டரும் நாள் தவறாமல் மாற்றுகிறவர். ஒரு வருடம் வண்டி புகை தள்ள ஆரம்பித்தது, ஆயிலும் குறைந்துகொண்டே போனது. ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவினேன். முகப்பவுடர் மாதிரி மண் ஒட்டிக்கொண்டு வந்தது. குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மண் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிட்டிருந்தது. இன்ஜினை இறக்க வேண்டியதாயிற்று. ஸ்குரூடிரைவரால் இரண்டு திருகு திருகியிருந்தால் போதும்.

மிச்சம் பிடிக்கவே வழி இல்லையா என்றால், இருக்கிறது, கூலியில். கிரீஸ் அடிப்பது, ரேடியேட்டரில் அடைந்த தூசி தும்பைத் தட்டுவது, பேட்டரி முனையைச் சுத்தம் செய்வது, டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்பது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். உலர் வகை ஏர் பில்டரை மட்டும் தினமும் கழற்றித் தட்டாதீர்கள். கழற்றும்போதெல்லாம் தூசி உள்ளே போக வழி விடுகிறீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று போலி பில்டர் வாங்குவதும் வேண்டாம்.

கடன் விஷயம். இன்ஜின் நிற்பது பெரும்பாலும் வேலை நெருக்கும் நாளில்தான், ஏனென்றால் வண்டி அதிகம் ஓடுவது அப்போதுதான். அந்த நாளில் வாடகை வரவு நிற்கும், உங்கள் உழவுக்கு வேறு வண்டிக்கு வாடகை கொடுக்க வேண்டியிருக்கும், மேலே வட்டியும் ஏறும். அவசரத்தில் வாங்கும் கடனுக்கு வட்டியைப் பேரம் பேசவும் முடியாது. அதனால் கடன் கடைசி வழியாக இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வையுங்கள். தேதி, மீட்டர் எண், செய்த வேலை, நடுவில் ஊற்றிய ஆயில் எவ்வளவு என்று டிரைவரே எழுதட்டும். இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே ஊற்றும் அளவு ஒவ்வொரு தடவையும் கூடுகிறது, வெளியில் கசிவும் இல்லை என்றால், ஆயில் உள்ளே எரிகிறது. இன்ஜின் வேலை செய்வதா, வண்டியை விற்பதா என்று உட்கார்ந்து யோசிக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். விற்கும்போது, வாங்க வருபவர் இன்ஜினைத் தட்டிப் பார்த்தபின் கேட்பதும் அந்த நோட்டைத்தான்.

போன தடவை ஆயில் மாற்றியபோது மீட்டர் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். 3,750-இல் மாற்றியிருந்தால், அடுத்த நடைக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.