நாஜிக் கட்சிக்குள் நடந்த கோஷ்டிச் சண்டைகள்: கேள்வி பதில்

ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன் நாஜிக் கட்சிக்குள் நடந்த பூசல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்கள் இங்கே.

ஹிட்லர் தொடங்கிய கட்சிதானே? பிறகு அவரை எதிர்க்க யாருக்குத் துணிச்சல் வந்தது?

அவர் தொடங்கிய கட்சியே இல்லை. 1919 ஜனவரியில் மியூனிக்கில் அதைத் தொடங்கியவர்கள் ரயில்வே பட்டறையில் பூட்டு வேலை பார்த்த அன்டன் டிரெக்ஸ்லரும், கார்ல் ஹாரர் என்ற பத்திரிகையாளரும். ஹிட்லர் சேர்ந்தது அதே ஆண்டு செப்டம்பரில். சிறிய ரகசியக் குழுவாகவே இருக்கட்டும் என்று நினைத்த ஹாரர், 1920 தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டார்.

பெரிய மோதல் 1921 ஜூலையில் வந்தது. இதே கொள்கை பேசிய வேறு குழுக்களோடு இணையலாம் என்று டிரெக்ஸ்லர் பேச்சு நடத்தினார். ஹிட்லர் உடனே ராஜினாமா செய்தார். கூட்டம் சேர்ப்பதும், அதனால் காசு வருவதும் அவர் பேச்சால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். 'முழு அதிகாரம் தந்தால் திரும்பி வருகிறேன்' என்றார், தந்துவிட்டார்கள். ஜூலை 29 அன்று அவர் தலைவர். டிரெக்ஸ்லருக்குக் கௌரவத் தலைவர் என்ற அலங்காரப் பதவி.

சிறையில் இருந்தபோது கட்சி யார் கையில் இருந்தது?

ஆட்சியைப் பிடிக்க மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய 1923 நவம்பர் கலகம் தோற்றதும் அவர் சிறைக்குப் போனார், கட்சிக்குத் தடை வந்தது. பொறுப்பைக் கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க்கிடம் கொடுத்தார் ஹிட்லர். அவருக்கு ஆள் சேர்க்கும் திறமையும் இல்லை, ஆதரவாளர்களும் இல்லை. ஒரு பக்கம் ஹிட்லரின் பழைய கூட்டாளிகளான ஸ்ட்ரைஷரும் எஸ்ஸரும், இன்னொரு பக்கம் தளபதி லூடன்டார்ஃபும் கிரிகோர் ஸ்ட்ராசரும் என்று கட்சி சிதறியது. ஹிட்லர் யார் பக்கமும் சாயவில்லை. வேண்டுமென்றேதான் பலவீனமானவரைப் பிடித்துப் போட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியான கணக்காகத் தோன்றுகிறது. ஆனால் லாபம் அவருக்குத்தான். 1925 பிப்ரவரியில் கட்சியை மறுபடி தொடங்கியபோது, சண்டை போட்டுக் களைத்தவர்கள் மேடையிலேயே கைகுலுக்கினார்கள்.

ஸ்ட்ராசர் கோஷ்டியை 'இடதுசாரி நாஜிகள்' என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. கிரிகோர் ஸ்ட்ராசர் லான்ட்ஸ்ஹூட் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். வடக்கே தொழில் நகரங்களில் கட்சியை வளர்க்க வேண்டிய வேலை அவருக்கு. அங்கே தொழிலாளியிடம் போய் முதலாளித்துவத்தைத் திட்டாமல் எதைப் பேசுவது? 1925 செப்டம்பரில் வடக்கு மாவட்டத் தலைவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அதன் இதழுக்கு ஆசிரியர், பின்னாளில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சரான இளைஞர் கோயபல்ஸ். பழைய அரச குடும்பங்களின் சொத்தை நஷ்டஈடு இல்லாமல் பறிக்கலாமா என்ற விவாதம் அப்போது ஜெர்மனி முழுக்க நடந்தது. பறிக்க வேண்டும் என்றது இந்தக் கோஷ்டி.

அதற்காக இவர்களை நல்லவர்களாக நினைத்துவிட வேண்டாம். யூத வெறுப்பும் ஜனநாயக வெறுப்பும் இவர்களிடமும் இருந்தன. ஹிட்லரைத் தலைமையிலிருந்து இறக்குவதும் இவர்கள் நோக்கமில்லை. மியூனிக்கில் அவரைச் சுற்றியிருந்த கும்பலிடமிருந்து அவரைப் 'பிரித்தெடுக்க' வேண்டும் என்றுதான் நினைத்தார்கள்.

ஹனோவர் கூட்டத்தில் ஹிட்லரைக் கட்சியை விட்டே நீக்கச் சொன்னாராமே கோயபல்ஸ்?

1926 ஜனவரியில் ஹனோவரில் ஸ்ட்ராசர் கோஷ்டி கூடிய கூட்டம் அது. கோயபல்ஸ் அப்படிச் சொன்னார் என்பது கிரிகோரின் தம்பி ஓட்டோ ஸ்ட்ராசர் பின்னாளில் சொன்ன கதை. அவருக்குக் கோயபல்ஸைக் கண்டாலே ஆகாது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை.

அப்படியானால் கோயபல்ஸ் எப்போது கட்சி மாறினார்? அதாவது, கோஷ்டி மாறினார்?

1926 பிப்ரவரி 14, பாம்பெர்க். தன் ஆட்கள் நிறைந்த தெற்கத்திய ஊரில் கூட்டத்தைப் போட்டு, மணிக்கணக்கில் பேசினார் ஹிட்லர். அரசர்களின் சொத்தைத் தொடக்கூடாது, ரஷ்யாவோடு உறவு கூடாது, 1920இல் எழுதிய கட்சித் திட்டத்தை மாற்றக்கூடாது. விவாதமே நடக்கவில்லை. ஸ்ட்ராசர் தடுமாறினார்; கோயபல்ஸ் வாயே திறக்கவில்லை. வாழ்க்கையின் மிகப்பெரிய ஏமாற்றங்களில் ஒன்று என்று டைரியில் எழுதி வைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஹிட்லர் யாரையும் தண்டிக்கவில்லை. கார் விபத்தில் அடிபட்டுக் கிடந்த ஸ்ட்ராசரைப் பெரிய பூங்கொத்தோடு போய்ப் பார்த்தார். ஏப்ரலில் கோயபல்ஸை மியூனிக்குக் கூப்பிட்டு, கார் கொடுத்து, மேடை கொடுத்து, கட்டிப்பிடித்தார். ஏமாற்றம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. நவம்பரில் கோயபல்ஸ் பெர்லின் மாவட்டத் தலைவர். ஸ்ட்ராசர் சகோதரர்களின் பதிப்பகம் இருந்ததும் அதே பெர்லினில்தான். பழைய நண்பர்களை ஒரே ஊரில் மோதவிட்டால் தலைவருக்கு என்ன நஷ்டம்? 1930 ஜூலையில் 'சோஷலிஸ்டுகள் கட்சியை விட்டு விலகுகிறார்கள்' என்று அறிவித்துவிட்டு ஓட்டோ வெளியேறினார். அவர் பின்னால் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அண்ணன் கிரிகோர்கூடப் போகவில்லை.

பழுப்புச் சட்டைக்காரர்கள் சொந்தக் கட்சி அலுவலகத்தையே அடித்து நொறுக்கியது உண்மையா?

உண்மை. 1930 ஆகஸ்ட் கடைசியில், பெர்லினில். தெருவில் அடிவாங்குவது நாங்கள், நாடாளுமன்ற சீட்டு மட்டும் வேறு ஆட்களுக்கா என்பது எஸ்.ஏ. என்ற இந்தப் பழுப்புச் சட்டைப் படையினரின் கோபம். தலைமை தாங்கியவர் வால்டர் ஸ்டென்னஸ். தேர்தலுக்கு இரண்டே வாரம். ஹிட்லர் ஓடிவந்து, படைத் தலைமையைத் தானே ஏற்று, அவர்கள் செலவுக்குக் கட்சிக்காரர்களிடம் தனி வசூல் என்று சமாதானம் செய்தார். அந்தத் தேர்தலில் 12 இடம் 107 ஆனது. 1931 ஏப்ரலில் ஸ்டென்னஸ் மறுபடி முரண்டு பிடித்தபோது வெளியேற்றப்பட்டார். பிறகு சீனாவுக்குப் போய் சியாங் கை ஷேக்கிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

கிரிகோர் ஸ்ட்ராசருக்கு என்ன ஆயிற்று?

1932 நவம்பர் தேர்தலில் கட்சியின் இடங்கள் 230இலிருந்து 196க்கு இறங்கின. கையில் காசும் இல்லை. பிரதமர் ஷ்லைஷர் துணைப் பிரதமர் பதவி தருவதாக ஸ்ட்ராசரிடம் பேசினார். ஹிட்லர் சம்மதிக்கவில்லை. டிசம்பர் 8 அன்று ஸ்ட்ராசர் பதவிகளைத் துறந்தார். ஆட்களைத் திரட்டினாரா என்றால், இல்லை. விடுமுறைக்கு இத்தாலி போய்விட்டார். 1934 ஜூன் 30 அன்று, எர்ன்ஸ்ட் ரோஹ்மின் எஸ்.ஏ. தலைமையை ஒழித்த அதே நாளில், பெர்லினில் கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸின் சிறையறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவர் அரசியலிலேயே இல்லை.

ஹிட்லர் கட்சியின் ஏழாவது உறுப்பினர் என்று பள்ளியில் படித்தேன்.

அவர் பரப்பிய கதை அது. உண்மையான எண் 555. கட்சி பெரிதாகத் தெரியட்டும் என்று 501இலிருந்து எண் போட்டிருந்தார்கள். 1940இல் டிரெக்ஸ்லர் இதைப் பற்றி ஹிட்லருக்கே ஒரு கடிதம் எழுதினார்: உங்கள் எண் ஏழு அல்ல, 555, அட்டையைத் திருத்தியிருக்கிறார்கள் என்று. எழுதினாரே தவிர, அனுப்பவில்லை.