சிக்னலில் உதறும் ஆம்னி: ஈசிஎம் வாங்கும் முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஈரோட்டில் தண்ணீர் கேன் விநியோகம் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “2008 மாடல் மாருதி ஆம்னி சரக்கு வேன் வைத்திருக்கிறேன். முன்பு கேஸ் கிட் இருந்தது. கழற்றிவிட்டு இப்போது பெட்ரோலில்தான் ஓடுகிறது. ஓட்டத்தில் குறையில்லை. சிக்னலில் நின்றால் வண்டியே உதறுகிறது, சில நேரம் அணைந்தும் விடுகிறது. ஸ்கேனரில் ‘லீன்’ என்று வந்ததால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினோம், தீரவில்லை. ஈசிஎம் போய்விட்டது, பழையது ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். ஈசிஎம், அதாவது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணக்குப் போடும் என்ஜினின் மின்னணு மூளை, கெட்டுப்போவது உண்டு. ஆனால் ஓட்டத்தில் ஒழுங்காக நடந்துகொண்டு சிக்னலில் மட்டும் அது தகராறு செய்வது அபூர்வம். பழைய ஈசிஎம் விற்பவர் எந்த வண்டியிலிருந்து கழற்றினார், அது எப்படிச் செத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டார். போட்டுப் பார்த்துச் சரியாகவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டார்.

‘லீன்’ என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. புகைக்குழாயில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொன்னது. எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டு அதை மாற்றியிருக்கிறீர்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சிலிண்டரில் பிளக் எரியாவிட்டாலும், எரியாத காற்று அப்படியே வெளியே வரும். அப்போதும் சென்சார் ‘லீன்’ என்றே சொல்லும். ஆகவே முதல் வேலை, மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பது. இரண்டு வெளிர் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால், பெட்ரோல் போதாத சிலிண்டர் அதுதான். ஒன்று மட்டும் ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் பிளக்கையும் வயரையும் பாருங்கள்.

சிக்னலில் மட்டும் ஏன்? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகும் கதவான த்ராட்டில் மூடிக்கொள்கிறது. என்ஜின் உறிஞ்சும் வேகத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. எங்கேனும் விரிசல் இருந்தால் காற்று அந்த வழியாகப் புகுந்துவிடும். ஓட்டத்தில் த்ராட்டில் திறந்து ஏராளமான காற்று போகும்போது இந்தச் சிறு கசிவு கணக்கிலேயே வராது. மாறாக, கேன் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதும் இழுவை இல்லாமல் திணறினால் அது காற்றுக் கசிவு அல்ல. பெட்ரோல் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள்.

காற்று எந்த இடத்தில் புகுகிறது என்பதும் முக்கியம். மூன்று சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் புகுந்தால், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் அதைக் கவனித்துவிடும். ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டும். உதறலைவிட ஐட்லிங், அதாவது நின்றபடி என்ஜின் சுற்றும் வேகம், ஏறுவதுதான் பெரிதாகத் தெரியும். ஒரே ஒரு சிலிண்டரின் வாசலில் புகுந்தால் அந்த ஒன்று மட்டும் பட்டினி கிடக்கும். 796 சிசி என்ஜினில் இருப்பதே மூன்று சிலிண்டர். ஒன்று படுத்தால் வண்டி ஆட்டம் காணும். உங்கள் கதை இரண்டாவது வகை. எனவே மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், இவைதான் என் முதல் சந்தேகம். ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் வெந்துகொண்டே இருப்பதால் ரப்பர் எல்லாம் சீக்கிரம் அப்பளமாகிவிடும்.

கேஸ் கிட் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. கிட்டைப் பொருத்தும்போது வெற்றிட ஹோஸை வெட்டி டி-இணைப்பு போடுவார்கள். சில வகைகளில் மேனிஃபோல்டிலேயே துளையிட்டு நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சிறு குழாய் முனை) வைப்பார்கள். கழற்றும்போது அந்தத் துளைகளை யார் அடைக்கிறார்கள்? ஹோஸ் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்பிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டில் டேப் எத்தனை நாள் ஒட்டும்? தேவையில்லாத ஹோஸை எடுத்துவிட்டு நிப்பிளுக்கு உலோக மூடி போடச் சொல்லுங்கள். கிட் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கேஸிலும் உதறுகிறதா என்று பார்க்கலாம். இரண்டிலும் உதறினால் காற்றுக் கசிவு அல்லது பிளக். பெட்ரோலில் மட்டும் என்றால் நாள்கணக்கில் சும்மா கிடந்து அடைத்துப்போன இன்ஜெக்டர். உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆனால் இத்தனை காலம் கேஸில் ஓடியதால் இன்ஜெக்டரும் அடைத்திருக்கலாம். கேஸ்கெட் சரியாக இருந்தால் அடுத்தது அதுதான்.

கசிவைக் கண்டுபிடிக்க, ஐட்லிங்கில் விட்டு, பூவாளிப் பாட்டிலால் கேஸ்கெட் ஓரத்திலும் இன்ஜெக்டர் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் இடம் கிடைத்துவிட்டது. பிளக் வயர் மேல் படக்கூடாது. சில பட்டறைகளில் பெட்ரோலைத் தெளிப்பார்கள், ஊதுபத்தி காட்டுவார்கள். சூடான என்ஜின் பக்கத்தில் இந்த வேலையை அனுமதிக்காதீர்கள். வண்டி எரிந்தபின் உதறல் நிச்சயம் இருக்காது.

ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டித் தருபவரிடமும் எச்சரிக்கை. உதறல் மறையும், நோய் இருக்கும், பெட்ரோல் போகும்.

இதோடு, பெட்ரோல் பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே அளவு பெட்ரோலைச் செலுத்தினால் கலவை லீன் பக்கம் சாயும். ஈசிஎம் ஓர் எல்லை வரை பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். கசிவும் சேர்ந்தால் அந்த எல்லை தீர்ந்துவிடுகிறது. பழைய வண்டிக்காரர் எதை ஊற்றுவது என்று யாரும் கேட்கவில்லை. ரப்பரை மாற்றிக்கொள் என்பதுதான் பதில்.

உங்கள் புகைச் சான்றிதழைப் பாருங்கள். இந்த வயது வண்டிக்கு ஐட்லிங்கில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 0.5 சதவீதம், ஹெச்சி (எரியாமல் வரும் ஹைட்ரோகார்பன்) 750 பிபிஎம் வரை அனுமதி. சிஓ மிகக் குறைந்து ஹெச்சி எகிறியிருந்தால் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும். குழாயைப் புகைக்குழாய்க்குள் விட்டு எடுத்த சீட்டாக இருந்தால்தான்! எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) புரோக்கர் வாங்கிவந்த சீட்டில் எந்த வண்டியும் நோயாளியாக இருந்ததில்லை. நேரில் போய், கண்முன்னே அளக்கச் சொல்லி வாங்குங்கள்.

கேஸ்கெட்டும் வளையங்களும் மாற்றியபின், திருப்பிய ஸ்க்ரூ இருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சற்று நேரம் கழற்றி மாட்டுங்கள். ஈசிஎம் பழைய கணக்கை மறந்து புதிதாகக் கற்க ஓரிரு நாள் ஓட்டம் வேண்டும். அதற்குள் திரும்பவும் பட்டறைக்கு ஓடாதீர்கள்.