அணையை இடித்தால் மீன் திரும்புமா?

கேள்வி: அமெரிக்காவில் அணைகளை இடிக்கிறார்களாமே? உடனே மீன் வந்துவிடுமா சார்?
– வாசகி, சைதாப்பேட்டை

பதில்: கிளாமத் ஆற்றில் வந்தேவிட்டதம்மா. 4 அணைகளை எடுத்து முடித்த 2024-இலேயே, அக்டோபரில், முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் சால்மன் மீன் ஓரிகன் மாநிலம் வரை ஏறிப் போனது. நூறு வருஷத்துக்கு மேல் அடைபட்டிருந்த வழி அது. (நம் காசிமேட்டில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா. அது வேறு ஜாதி.)

ஆனால் முதலில் வருவது சேறு. அமெரிக்காவின் இன்னொரு ஆறான எல்வாவில் 2011 முதல் 2014 வரை 2 அணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தார்கள். ஒரு நூற்றாண்டு வண்டல் இறங்கி, தண்ணீர் டிகாஷன் நிறத்தில் ஓடியது. பொடிச் சேறு முட்டையை மூச்சடைக்க வைக்கும். கூடவே உருண்டு வரும் கூழாங்கல்தான் வரம்: பெண் சால்மன் வாலால் அதில் குழி பறித்து முட்டையிடும். மணல் கடலோரம் சேர்ந்து, புதுக் கரையே உருவானது.

நம் அடையாற்றின் கதை வேறு. போன வாரம் திரு.வி.க. பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். இங்கே அடைப்பு, சாக்கடையும் முகத்துவார மணல்திட்டும். திட்டை வெட்டினால் கடல்நீர் ஏறும், மடவை மீனும் உள்ளே வரும். அப்புறம் அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து மூடும். பொக்லைன் திரும்ப வரவேண்டியதுதான்.