பல வருடங்களாக ஆராதனைக்குச் செல்கிறேன். ஆனால் சபையில் எனக்கு நெருக்கமானவர் எவரும் இல்லை. விசுவாசத்தைத் தனியாகக் காத்துக்கொண்டால் போதாதா?

உங்கள் கேள்வியைப் படித்தபோது, 11 வருடங்கள் நான் வாழ்ந்த வாழ்க்கையை இன்னொருவர் எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. அந்த வருடங்களில் ஒரு ஞாயிறு ஆராதனையையும் காரணமின்றி நான் தவறவிட்டதில்லை. பாடகர் குழுவில் பாடினேன், வேதத்தை ஒழுங்காக வாசித்தேன், காணிக்கை கொடுத்தேன். சபையில் எல்லோருக்கும் என் முகம் தெரியும். ஆனால் என் வாழ்க்கை எவருக்கும் தெரியாது. அதை ஒரு குறையாகவும் நான் நினைத்ததில்லை. தேவனுக்கும் எனக்கும் இடையில் இருப்பதை மூன்றாம் நபர் ஏன் அறிய வேண்டும் என்றே எண்ணியிருந்தேன்.

அதே காலத்தில் என் அலுவலகத்தில் பயணச் செலவுக் கணக்கு எழுதும்போதெல்லாம், செலவழித்ததைவிடச் சற்றுக் கூட்டி எழுதி வந்தேன். தொகை சிறியது, உடன் வேலை செய்தவர்கள் பலரும் அப்படியே எழுதினார்கள். திருட்டு பாவம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் அந்தக் கட்டளையும் என் செலவுக் கணக்கும் ஒரு நாளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, ஏனென்றால் அவற்றைச் சேர்த்து வைத்துக் கேட்பதற்கு என் வாழ்க்கையில் ஓர் ஆள் இல்லை.

பிறகு சபையிலிருந்த இருவரோடு, வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் கூடத் தொடங்கினேன். ஒருவர் என்னைவிட மூத்தவர், மற்றவர் இளையவர். ஒரு வேதபகுதியை வாசிப்போம், அந்த வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவரும் சொல்வோம், ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்போம். நான்கு மாதங்கள் வரை நான் சொன்னதெல்லாம், சொன்னாலும் என் மதிப்புக் குறையாத காரியங்கள்தான். ஒரு நாள் லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் சகேயுவின் பகுதியை வாசித்தோம். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவேன் என்று அவன் சொல்லும் இடம் வந்ததும் எனக்குத் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. செலவுக் கணக்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர்கள் அதிர்ச்சி காட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மூத்தவர் மட்டும், “மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்த்தீர்களா, தம்பி?” என்று கேட்டார். அடுத்த வாரமும் அதே கேள்வியைக் கேட்டார். மூன்றாம் வாரம் நான் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டுபோய் என் மேலதிகாரியிடம் பணத்தைக் கொடுத்தேன். எழுத்துமூலமான எச்சரிக்கை கிடைத்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவை எனக்கு வலித்தன. ஆனாலும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அந்தக் கட்டளையைச் சொல்லும்போது தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

சபை நமக்கு ஆறுதலும் உற்சாகமும் தரும் என்று சொல்வார்கள், அது உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது வேறொன்று: என்னிடம் கேள்வி கேட்க உரிமையுள்ள சிலர் இல்லாதவரை, நான் விசுவாசம் என்று நினைத்தவற்றுள் பெரும்பகுதி வெறும் கருத்தாகவே இருந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 2:42, முதல் விசுவாசிகள் உறுதியாய்த் தரித்திருந்த நான்கு காரியங்களைச் சொல்கிறது. உபதேசம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகிய மூன்றும் நம் ஆராதனையில் ஏதோவொரு வடிவில் இருக்கின்றன. நான்காவதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘கொயினோனியா’. யோவானின் முதல் நிருபத்தில் அதை ‘ஐக்கியம்’ என்று மொழிபெயர்த்த நம் பழைய தமிழ் வேதாகமம், இந்த இடத்தில் ‘அந்நியோந்நியம்’ என்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கணவன் மனைவியின் நெருக்கத்தைப் பற்றிப் பேசும்போதுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அதன் வேர்ப்பொருளோ ‘ஒருவருக்கொருவர்’ என்பதே. புதிய ஏற்பாட்டின் நிருபங்களில் இந்த ‘ஒருவருக்கொருவர்’ எத்தனை இடங்களில் வருகிறது என்று ஒரு முறை கோடிட்டுப் பாருங்கள். அன்புகூருங்கள், தாங்குங்கள், மன்னியுங்கள், புத்திசொல்லுங்கள், குற்றங்களை அறிக்கையிடுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று நீளும் இந்தக் கட்டளைகளில் ஒன்றையாவது தனியாக இருக்கும் மனிதன் கைக்கொள்ள வழியில்லை. அவன் கீழ்ப்படிய மறுக்கிறான் என்று நான் சொல்லவில்லை. கீழ்ப்படிவதற்கு அவன் எதிரே ஆள் இல்லை.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு பயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன், அது எனக்கும் இருந்தது. நெருங்கிப் பழகினால் மற்றவர்களுக்காக என் நிச்சயங்களைத் தளர்த்திக்கொள்ள நேரிடுமோ என்ற பயம் அது. ரோமர் 14-ஆம் அதிகாரத்தை இந்தப் பயத்தோடு வாசித்துப் பாருங்கள். இறைச்சி உண்போரும் மரக்கறி மட்டும் உண்போரும், நாட்களை விசேஷித்துக்கொள்வோரும் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுவோரும் ஒரே சபையில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் குற்றவாளிகளாகத் தீர்க்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவரப் பவுல் அங்கே முயலவில்லை. அவனவன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். முழு நிச்சயம் என்ற அந்தப் பெரிய சொற்றொடர் தனி அறையில் தியானிக்கும் ஒருவனுக்கு எழுதப்பட்டதல்ல, ஒரே பந்தியில் உட்கார்ந்து முரண்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. எங்கள் மூவரில் இளையவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்துக்கு ஒத்ததல்ல என்று உறுதியாக நம்புகிறார். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற மூத்தவர் அதைச் சரி என்று உறுதியாக நம்புகிறார். பல வருடங்களாக இதைப் பேசுகிறோம், இருவரும் இம்மியும் நகரவில்லை. ஆனால் ஒருவர் சொல்வதற்குப் பதில் தேடியே இருவரும் வேதத்தை முன்பைவிட ஆழமாக வாசித்திருக்கிறார்கள். எதிர்ப்பே இல்லாமல் வைத்திருக்கும் நிச்சயம் எவ்வளவு உறுதியானது என்று எப்படித்தான் அறிய முடியும்?

சபையின் வரலாறு நெடுகிலும் இதே ஏற்பாட்டைக் காண்கிறேன். ஏறத்தாழ கி.பி. 112-இல், பித்தினியா பகுதியின் ரோம ஆளுநர் பிளினி, தாம் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் அவர்கள் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடி, பின் ஓர் ஆணையால் தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள் என்கிறது அந்தக் கடிதம். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கேட்கும்போது மறுக்கமாட்டோம் என்பதே அந்த ஆணை. பிறகு கலைந்துபோய், சாப்பிடுவதற்காக மீண்டும் கூடினார்களாம். விசுவாசியல்லாத ஓர் அதிகாரியின் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: பாட்டு, உணவு, பண விஷயத்தில் நேர்மையாக இருப்போம் என்று சேர்ந்து செய்துகொண்ட உறுதி. என் செலவுக் கணக்கின் கதைக்குப் பிறகு இதை வாசித்தபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்ததும் எனக்கு மிகவும் பிடித்தது. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் சங்கத்தார், தங்கள் கட்டடத்தின் கடனை அடைப்பதற்காகச் சங்கத்தைப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி சேகரிக்க ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவரை நியமித்தார்கள். பணம் வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், அங்கே மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டுவந்து சொன்னார்கள். ஆத்துமாக்களைக் கவனிக்கத் தாம் தேடிய வழி இதுவே என்பதை வெஸ்லி கண்டுகொண்டார். கடன் வசூலில் தொடங்கிய அந்த வகுப்புகள்தான் பின்னர் மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயின.

நோக்கமுள்ள உறவு என்று இன்று அதிகம் பேசுகிறார்கள். அந்தச் சொல்லை நான் சற்று எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துவேன், ஏனென்றால் ஒரு மனிதனை நம் ஊழியத்தின் பயனுக்காகப் பழக்கிக்கொள்வதையும் சிலர் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். எனக்கு, ஆதிச் சபையின் ஊழியரான பர்னபாதான் முன்மாதிரி. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைக் கண்டு எருசலேமின் சீஷர்கள் பயந்தபோது அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிச் சென்றவர் அவரே. பின்னர் அவனைத் தேடித் தர்சு வரை போனவரும் அவரே. ஊழியப் பயணத்தின் பாதியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடி அழைத்துச் செல்வதா என்ற கேள்வியில், தாம் வளர்த்துவிட்ட பவுலோடேயே முரண்பட்டுப் பிரிந்தார். ஆனால் மாற்குவைக் கைவிடவில்லை. வருடங்கள் கழிந்து, அதே மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பர்னபாவின் நோக்கம் முழுவதும் எதிரே இருந்த மனிதன் கிறிஸ்துவுக்குள் வளர வேண்டும் என்பதிலேயே இருந்தது.

இனி என் தவறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையானதாக இராது. ஒரு சமயம் எங்களில் இளையவர் தம் குடும்பத்தில் இருந்த ஒரு பெரிய மனக்கசப்பை எங்கள் இருவரிடமும் சொன்னார். நான் அதை வேறொரு கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகச் சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன், ஆனால் யார் என்பதைக் கண்டுபிடிக்க எவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. அது அவர் மனைவியின் காது வரை போனது. மூத்தவர் தனியாக என்னிடம் வந்து, மத்தேயு 18-இல் சொல்லியிருக்கிறபடியே, வேறு எவருக்கும் தெரியாமல் என் குற்றத்தை எனக்கு எடுத்துச் சொன்னார். நான் இளையவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “மன்னித்துவிட்டேன், அண்ணே. ஆனால் இப்போதைக்கு என்னால் உங்கள் முன்னால் எதையும் பேச முடியாது” என்றார். மன்னிப்பை ஒரு நாளில் கொடுக்கலாம், நம்பிக்கை அப்படி வராது என்பதை நான் அன்று கற்றேன். ஏழு மாதங்கள் அவர் எங்களோடு கூடவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் அவருக்கான மூன்றாவது நாற்காலியைப் போடாமல் இருந்ததே இல்லை.

அவர் திரும்பி வந்தபோது எங்களுக்குள் ஒரு விதியை வைத்துக்கொண்டோம். அது நாங்களாக யோசித்ததல்ல. ஜெர்மனியில் நாசி ஆட்சிக்குப் பணிய மறுத்த சபையின் போதகர்களை, இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் பின்கன்வால்டெ என்ற இடத்தில் பயிற்றுவித்தார். 1937-இல் இரகசியக் காவல்துறை அதை மூடும் வரை அந்தப் பயிற்சி நடந்தது. அங்கே, இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அதை அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. அரசின் மிரட்டலுக்கு நடுவே வாழ்ந்தவர்கள், தங்கள் நாவைப் பற்றியும் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள். இந்த விதியை நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன், இரண்டு முறையும் போய்ச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் முறை வாயைத் திறக்குமுன் அந்த நினைவே தடுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்றே யாக்கோபு எழுதுகிறார். ஒரு தலைவர் எல்லோருடைய இரகசியத்தையும் கேட்டு வைத்துக்கொண்டு, தம்முடையதை எவரிடமும் சொல்லாமல் இருப்பாரானால், உங்கள் திருமணம், வேலை, பணம் எல்லாவற்றையும் தாமே தீர்மானிக்க முற்படுவாரானால், அங்கிருந்து விலகிவிடுங்கள், அது ஐக்கியமல்ல. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன அதே கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில்தான், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. தமிழில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். கிரேக்கத்தில் முதலாவது ஒருவரை அழுத்தும் சுமை, இரண்டாவது அவனவன் எடுத்துச் செல்ல வேண்டிய பொதி. நல்ல நண்பர்கள் முதலாவதற்குத் தோள் கொடுப்பார்கள், இரண்டாவதை உங்கள் கையிலிருந்து பிடுங்கமாட்டார்கள்.

நோயினாலோ முதுமையினாலோ வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர்களைத் தேடிப்போவது சபையின் கடமை. உங்களால் நடந்து செல்ல முடியும் என்றால், பெரிய குழு எதிலும் சேர வேண்டியதில்லை, ஒருவரோ இருவரோ போதும். நான் தொடங்கியது அப்படித்தான். ஓர் ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது அந்த மூத்தவரை நிறுத்தி, “ஐயா, வாரம் ஒரு முறை உங்களோடு சேர்ந்து ஜெபிக்க வரலாமா?” என்று கேட்டேன். என்னைப் பற்றி அவருக்கு என் பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய நாட்குறிப்பை எடுத்துப் புரட்டிவிட்டு, “வியாழக்கிழமை காலை ஆறு மணி உங்களுக்கு ஒத்துவருமா, தம்பி?” என்று கேட்டார்.