எல்லாச் சுழலும் வேர்ல்பூல் ஆகாது

கேள்வி: ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். கதை முழுக்க ஆற்றங்கரையில்தான் நடக்கிறது. சுழல், சுழி, சுழித்து ஓடியது என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எல்லாவற்றுக்கும் வேர்ல்பூல் என்றே போட்டுவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர், இந்த ஆற்றில் இறங்கினால் யாரும் உயிரோடு திரும்ப மாட்டார்கள் போலிருக்கிறதே என்கிறார். அகராதியில் எடி, வோர்டெக்ஸ், மெயில்ஸ்ட்ரோம், ஸ்வேர்ல் என்று வரிசையாக இருக்கின்றன. எதை எங்கே போடுவது?

பதில்: நண்பர் சொன்னது சரிதான். தமிழில் சுழல் என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கும். அது ஆளை விழுங்குமா, சருகைச் சுற்றிவிட்டு விட்டுவிடுமா என்பதை முன்னும் பின்னும் இருக்கும் சொற்கள்தான் காட்டும். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் காட்சியில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பாருங்கள். எதனால் சுழல்கிறது, நடுவில் கீழே இழுக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உங்கள் கதைக்கு அதிகம் தேவைப்படப் போவது எடி. ஓடுகிற ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது என்று வையுங்கள். தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது, பாறைக்குப் பின்னால் காலியாகிற இடத்தை நிரப்பக் கீழ்ப்பக்கத்துத் தண்ணீரே வளைந்து திரும்பி, ஓட்டத்துக்கு எதிராகப் பாறையை நோக்கி வருகிறது. அங்கே ஒரு சருகு வந்தால் ஓரத்தில் திடீரென்று திரும்பும், மெதுவாகப் பாறை வரைக்கும் மேலேறும், இரண்டு மூன்று வட்டம் போட்டுவிட்டு மறுபடி ஓட்டத்தில் சேர்ந்து போய்விடும். இதுதான் எடி. இது பெரும்பாலும் ஆபத்தான இடமே இல்லை. வேகமான ஆறுகளில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ள ஒதுங்குவதே இந்தப் பாறைமறைவுக்குத்தான். ஓட்டமும் எதிரோட்டமும் உரசுகிற எல்லைக்கு அவர்கள் எடி லைன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டைத் தாண்டும்போது படகு கவிழ வாய்ப்பு அதிகம். இதை வினைச்சொல்லாகவும் பயன்படுத்தலாம் என்பது மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிய வசதி: தி வாட்டர் எடீட் அரவுண்ட் தி ராக்ஸ். புகை, தூசி, பனிமூட்டம், ஏன் கூட்டத்தில் ஒதுங்கிச் சுற்றுகிற மனிதர்களுக்குக்கூட இது பொருந்தும். எடி என்றால் சின்னது என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கடலில் 100 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக, மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே நகரும் எடிகள் உண்டு. பெரிய ஓட்டம் ஒன்றிலிருந்து பிரிந்து சுழல்வது என்பதுதான் இங்கே முக்கியம், அளவு அப்புறம்தான்.

வேர்ல்பூல் என்றவுடன் ஆங்கில வாசகர் மனதில் வருவது நடுவில் குழி விழுந்து உள்ளே இழுக்கிற நீர். பயம் அந்தச் சொல்லோடு ஒட்டியே வரும். ஸ்காட்லாந்தில் ஜூரா, ஸ்கார்பா என்ற தீவுகளுக்கு இடையே கோரிவ்ரெக்கன் என்ற கடற்சுழல் இருக்கிறது, ஓதம் ஏறி இறங்கும்போது அங்கே நீர் கொந்தளிக்கும். 1947 ஆகஸ்டில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் குடும்பத்தாரோடு போன படகு அதன் விளிம்பில் மாட்டி, மோட்டார் கழன்று கடலுக்குள் போய், அவர்கள் ஒரு பாறைத்திட்டில் ஒதுங்கித்தான் பிழைத்தார்கள். அந்த மாதிரி இடத்துக்குத்தான் இந்தச் சொல். உங்கள் கதையில் பையன் மாட்டிக்கொள்கிற ஒரு சுழி இருக்குமே, அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் வந்தால்தான் அதற்கு அடி பலமாக விழும்.

மெயில்ஸ்ட்ரோம் டச்சு மொழியிலிருந்து வந்தது. அரைத்தல், ஓட்டம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது, திரிகை சுற்றுவது போல அரைக்கிற நீரோட்டம் என்று புரிந்துகொள்ளலாம். நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சுழலுக்கு வைத்த பெயர் இது. இன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச இதை எடுப்பவர்கள் குறைவு, போர், கலவரம், அரசியல் கொந்தளிப்பு என்று உவமையாகவே வருகிறது. ஆற்றுக்கு இது வேண்டாம்.

வோர்டெக்ஸ், திரும்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த அறிவியல்வாடை உள்ள சொல். தண்ணீர், காற்று எதுவானாலும் ஓர் அச்சைச் சுற்றும் அந்த வடிவத்துக்குப் பெயர் அது. பன்மை வோர்டிசீஸ். குளியல் தொட்டியின் அடைப்பை எடுத்ததும் புனல் மாதிரி இறங்குகிறதே, அதைச் சொல்லச் சரியாக இருக்கும். (அந்தச் சுழல் எந்தப் பக்கம் சுற்றும் என்பதைப் பூமியின் சுழற்சிதான் தீர்மானிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். வீட்டுத் தொட்டியில் அது உண்மையில்லை. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆஷர் ஷபிரோ என்ற ஆய்வாளர் நிரப்பிய தொட்டியை ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டுவைத்த பிறகே பூமிச் சுழற்சியின் அந்த மெல்லிய விளைவை அவரால் பார்க்க முடிந்தது.) கிராமத்துக் கதைசொல்லியின் வாயில் வோர்டெக்ஸ் என்று வந்தால் உறுத்தும்.

ஸ்வேர்ல் மென்மையான சொல், கண்ணுக்கு அழகாகச் சுற்றுகிற எதற்கும் வரும். கண்ணாடித் தம்ளர் தேநீரில் பாலை ஊற்றும்போது வெள்ளைக் கோடு சுருண்டு சுருண்டு கரைகிறது பாருங்கள், அது ஸ்வேர்ல். கரண்டியால் கலக்குவது ஸ்டிர். அது கை செய்யும் வேலை, அதன் விளைவாகத் தேநீருக்குள் நடப்பது ஸ்வேர்ல். கரண்டி இல்லாமல் தம்ளரையே பிடித்து வட்டமாக ஆட்டினால் அதற்கும் ஸ்வேர்ல்தான்.

ஜையர் என்றொரு சொல்லும் உண்டு, பெருங்கடல் அளவில் சுற்றும் நீரோட்டங்களுக்கு அது. அப்படி ஐந்து பெரிய ஜையர்கள் இருக்கின்றன, ஆற்றங்கரைக் கதையில் அவற்றுக்கு வேலை இல்லை.

கவனமாக இருக்க வேண்டியவை வட்டம்போலத் தெரிந்தும் சுழலாதவை. குளத்தில் கல் போட்டதும் விரிகிற அலைவட்டம் ரிப்பிள். அதன்மேல் கிடக்கும் இலை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும், தண்ணீர் சுற்றுவதில்லை. நுரை தள்ளக் கடைந்தது போல இருந்தால் சேர்ன், அடிச்சேறு கிளம்பிக் கலங்கினால் ராயில். இரண்டுக்கும் வட்டம் அவசியமில்லை.

சரி, உங்கள் வரிகளுக்கு வருவோம். "வெள்ளம் சுழித்து ஓடியது" என்பதற்கு ஸ்வேர்ல் அல்லது எடியை வினையாகப் போடுங்கள். வெள்ளம் கலங்கலாக இருந்தால் ராயில். பாலத்துத் தூணுக்குப் பின்னால் சுற்றுவது எடி. "துன்பச் சுழல்" என்று உவமையாக வந்தால் வேர்ல்பூலே போதும், மெயில்ஸ்ட்ரோம் வரைக்கும் போனால் ஒரு வீட்டுத் துயரம் ஊர்க் கலவரம் மாதிரி ஆகிவிடும். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, முதல் பக்கத்தில் சருகைச் சுற்றிய சுழலே கடைசியில் பையனையும் சுற்றுகிறது என்று காட்டியிருந்தால் மட்டும் வேறு வழி. அப்போது முதலிலேயே எடி என்று தொடங்கி, அதையே கடைசிவரை கொண்டுபோங்கள். அந்தச் சின்னச் சொல் கடைசிக் காட்சியில் வேர்ல்பூலைவிடக் கனமாக விழும்.