அடைப்பு எத்தனை சதவீதம்? ரத்த ஓட்டக் கணக்கு: கேள்வி பதில்

இதயக் குழாய்களில் ரத்தம் ஓடுவதைக் கணினியில் கணக்கிடுவது என் வேலை. நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர். ரிப்போர்ட் அனுப்பி ‘ஸ்டென்ட் வைக்கலாமா’ என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70% அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். சித்தப்பாவுக்கும் 70%தான், மாத்திரை போதும் என்றார்கள். எப்படி?

இருவரைப் பற்றியும் நான் சொல்ல முடியாது. ஆனால் சதவீதம் என்பது படத்தில் தெரியும் அகலம் மட்டுமே. அடைப்பு எவ்வளவு நீளம், அதைத் தாண்டி எவ்வளவு இதயத் தசை ரத்தத்துக்குக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. அதனால்தான் ஆஞ்சியோ செய்யும்போதே மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் நுழைத்து, அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து ஓட்டத்தைக் கூட்டி, அழுத்தத்தை அளக்கிறார்கள். பெருந்தமனியில் 100, அடைப்பைத் தாண்டி 75 என்றால் விகிதம் 0.75. இதுதான் எஃப்எஃப்ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2009-இல் வெளியான ஃபேம் ஆய்வில், கண்ணுக்கு 50 முதல் 70% என்று தெரிந்த அடைப்புகளில் சுமார் 35% மட்டுமே அந்த வரம்புக்குள் வந்தன.

கேள்வி: கம்பி இல்லாமல் முடியாதா?

முடியும். சிடி ஆஞ்சியோவிலிருந்து குழாயின் முப்பரிமாண வடிவத்தை எடுத்து, திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம். ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் அனுமதி கொடுத்தது.

கேள்வி: பூண்டு சாப்பிட்டால் அடைப்பு கரையுமா?

ரசத்தில் போடுங்கள். அடுத்தவர்.

கேள்வி: நான் இதய மருத்துவர். இதயத் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களே சிடியில் தெரியாது. அவற்றின் தடையை நீங்களாகவே வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு இது எப்படிக் கணக்கு? யூகம்தானே?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதயத் தசையின் எடையிலிருந்து ஓய்வு நேர ஓட்டத்தை மதிப்பிட்டு, அடினோசினுக்கு நுண்குழாய்கள் இவ்வளவு விரியும் என்று வைத்துக்கொள்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு அப்படி விரியாமல் போகலாம். வண்ணப் படம் அழகாக வந்துவிடுவதால் யாரும் இதைக் கேட்பதில்லை. இன்னொரு தொல்லை, அடைப்பில் படிந்த கால்சியம். சிடியில் அது ஊதித் தெரிவதால் குழாய் இன்னும் குறுகலாகப் படும். பாய்சேய் விதிப்படி தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். ஆரத்தில் 10% குறைத்து அளந்தால் தடை ஏறக்குறைய 50% ஏறிவிடும்! ஆனாலும் யூகம் என்று தள்ளாதீர்கள். 0.92 வந்தாலோ 0.60 வந்தாலோ நம்புவேன். 0.78, 0.82 என்றால் கம்பியை நுழைத்தே அளக்கச் சொல்வேன்.

கேள்வி: அதே மருத்துவர்தான். எனக்குச் சந்தேகம் வருவதே அந்த 0.78, 0.82 ஆட்களிடம்தான்!

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.92 வருகிறவருக்கு ஆஞ்சியோ மேசையே மிச்சமாகலாமே? அதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா?

கேள்வி: எனக்கு 60%, பயப்படலாமா?

முதல் பதில்.

கேள்வி: 0.90 என்றால் மாரடைப்பு வராதா?

அப்படிச் சொல்லவே இல்லை. சின்ன அடைப்பும் வெடித்து, ரத்தம் உறைந்து குழாயை மூடலாம். இந்த விகிதம் ஓட்டத்தைத்தான் சொல்கிறது.

கேள்வி: காலையிலிருந்து நெஞ்சு இறுக்கமாக...

இங்கே தட்டச்சு செய்யாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.