கறிக்கோழி, தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கறிக்கோழி எப்படி வளர்கிறது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஊசியைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு இல்லத்தரசி: நாற்பது நாளில் இரண்டு கிலோ வருகிறது. ஹார்மோன் ஊசி இல்லாமல் இது எப்படி நடக்கும், ஐயா?

நடக்கிறது அம்மா. ஊசியும் போடுவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் என்பது 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போலவே குடலில் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போட்டாலும் இரத்தத்தில் அதிக நேரம் தங்காது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஐயாயிரம் கோழி உள்ள கொட்டகையில் தினமும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் கிடைக்குமா? கிடைத்தாலும் கூலி கட்டாது. ஆராய்ச்சிக்கூடங்களில் கோழியின் வளர்ச்சி ஹார்மோனையே இளம் பிராய்லர்களுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எடை சொல்லும்படியாகக் கூடவில்லை. பன்றிக்கும் கறவை மாட்டுக்கும் பலன் தருவது கோழியிடம் பலிக்கவில்லை.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905, 1808, 4202 கிராம். 2014இல் வெளியான ஆய்வு இது. தீவனம் ஒன்று, வளர்ப்பு முறை ஒன்று. வேறுபட்டது பிறப்பு மட்டுமே. தலைமுறை தலைமுறையாகப் பெரிய கோழிகளையே பொறுக்கி இனம் சேர்த்ததன் விளைவு.

வதந்திக்கு ஒரு வேர் உண்டு. 1940களின் பிற்பகுதியிலும் 50களிலும் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்கு அடியில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் வில்லையைப் புதைத்தார்கள். கொழுப்பு ஏற்றுவதற்காக. 1959இல் அது நிறுத்தப்பட்டது. அறுபது வருடங்களுக்கு மேலாகியும் வாட்ஸ்அப்பில் அந்த வில்லை இன்னும் கரையவில்லை.

கால்நடை மருத்துவ மாணவி: ஊசியாகப் போட்டால் பலன் இல்லை என்றால், கோழிக்கு அந்த ஹார்மோன் எதற்கு, சார்?

நல்ல கேள்வி. இந்த ஹார்மோனைச் சுரப்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அதை அறுவைசெய்து நீக்கிவிட்டால் குஞ்சின் வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது. வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்தால் ஓரளவு மீள்கிறது. ஆகவே அது தேவைதான். நலமாக இருக்கும் குஞ்சில் வேண்டிய அளவு ஏற்கெனவே சுரந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை.

அது வேலை செய்யும் வழிகள் இரண்டு. கல்லீரலைத் தூண்டி, உடலை வளரச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்கச் செய்வது நீங்கள் பாடத்தில் படித்தது. இரண்டாவதுதான் கோழியில் சுவாரசியமானது. கழுத்தடியில் உள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன்கள் டி4, டி3 என்று இரண்டு. சுரப்பி வெளியிடுவது பெரும்பாலும் டி4; திசுக்களில் வீரியத்தோடு வேலை செய்வது டி3. ஒரு நொதி டி4இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி டி3 ஆக்குகிறது. கல்லீரலில் உள்ள இன்னொரு நொதி அந்த டி3ஐ அழிக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் கை வைப்பது இந்த இரண்டாவது நொதியின் மீது. குழாயைத் திறந்துவிடாமல் வடிகாலை அடைத்தே தொட்டியில் நீர்மட்டத்தை உயர்த்துவதைப் போல, அழிவு குறைந்து இரத்தத்தில் டி3 ஏறுகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் இதை விரிவாக ஆராய்ந்து காட்டினார்கள். பட்டினி போட்டால் வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறது, ஆனால் டி3யும் ஐஜிஎஃப்-1உம் இறங்கிவிடுகின்றன. ஒரே ஒரு ஹார்மோனின் அளவைப் பார்த்துக் கோழி வளருமா என்று சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

இனப்பெருக்கப் பண்ணை வைத்திருப்பவர்: குள்ளத் தாய்க்கோழி என்கிறார்களே, அதற்கு இந்த ஹார்மோன் குறைவா?

குறைவில்லை. இயல்பான கோழியைவிட அதிகமாகவே இருக்கும்! பழுது ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் இருக்கிறது. வாங்க ஆள் இல்லாததால் ஐஜிஎஃப்-1 குறைவு, டி3 குறைவு, உடலும் சிறிது. எவ்வளவு ஹார்மோன் ஊற்றினாலும் பயனில்லை. மனிதரில் உடல் குள்ளமாகவே நின்றுவிடும் லாரன் நோய் என்பதும் இதே வகைப் பழுதுதான்.

இதை வைத்துப் பிழைப்பு நடத்தக் கற்றுக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். வெடெட் என்ற குள்ளத் தாய்க்கோழி அங்கே உருவாக்கப்பட்டது. இந்த மரபணு, கோழியின் பாலை நிர்ணயிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. பெட்டைக்குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து பெறுகிறது. ஆகவே தகப்பன் இயல்பானது என்றால் பெட்டைக்குஞ்சுக்குக் குள்ளம் வராது. சேவல்குஞ்சுக்குத் தாயிடமிருந்து பழுதான பிரதி வந்தாலும், தகப்பன் தரும் நல்ல பிரதி கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். தாய் குறைவாகத் தின்கிறது, குஞ்சு நன்றாக வளர்கிறது. தாய்க்கோழித் தீவனத்தின் செலவு தெரிந்தவருக்கு இதன் அருமை தெரியும்.

பல்லடத்திலிருந்து ஒரு பண்ணையாளர்: சித்திரை, வைகாசியில் எடை ஏற மறுக்கிறது. தைராய்டு மாத்திரையைத் தீவனத்தில் கலந்தால் சரியாகுமா?

கலந்துவிடாதீர்கள். வெயிலில் டி3 குறைவது நோயில்லை. உடலுக்குள் உண்டாகும் சூட்டைக் குறைக்கக் கோழி தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. அதைக் கெடுத்து உள்ளே அடுப்பைக் கூட்டினால் மூச்சிரைத்துச் சாகும். சோதனைகளில் தீவனத்தில் டி3 கலந்தபோது எடை கூடாமல் குறைந்தது. இதயம் திணறி வயிற்றில் நீர் கோக்கவும் செய்தது. காலை பத்து மணிக்குத் தீவனத்தை எடுத்துவிட்டு மாலை வெயில் தாழ்ந்ததும் வையுங்கள். குடிநீர்த் தொட்டிக்கு நிழல் போடுங்கள், குழாயில் சூடேறிய நீரை வெளியேற்றிவிடுங்கள். மாத்திரைக் காசில் மின்விசிறி ஓட்டலாம்.

சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்: சோயா விலை ஏறிவிட்டது. கடுகுப் பிண்ணாக்கு சேர்க்கலாமா?

கொஞ்சம் சேர்க்கலாம், அள்ளிப் போடக் கூடாது. அதிலுள்ள குளுக்கோசினோலேட் சிதைந்து உண்டாகும் பொருள்கள் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கின்றன. சுரப்பி வீங்கும், வளர்ச்சி மட்டுப்படும். கிலோ தீவனத்துக்கு 0.35 மில்லிகிராம் அயோடின் தேவை; தரமான தாது உப்புக் கலவையில் அது வந்துவிடும். சந்தேகம் வந்தால், இறந்த கோழி ஒன்றைத் திறந்து பாருங்கள். கழுத்து மார்புக்கூட்டுக்குள் நுழையும் இடத்தில், மூச்சுக்குழலின் இருபுறமும், பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டிச் செம்பழுப்பு நிறத்தில் நீள்வட்டமாக இரண்டு சிறிய சுரப்பிகள் தெரியும். தேடிப் பிடிக்க வேண்டிய அளவில் இருந்தால் நல்லது. திறந்தவுடன் கண்ணில் பட்டால் தீவனத்தை மாற்றுங்கள். இறகையும் கவனியுங்கள்: தைராய்டு மிகவும் குறைந்த கோழியில், இறகின் இழைகளைப் பிணைக்கும் சிறு கொக்கிகள் சரியாக உருவாகாமல் இறகு பிரிந்து நூல் நூலாகத் தொங்கும்.

இரண்டு பெண் குழந்தைகளின் தாய்: பிராய்லர் சாப்பிட்டால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்களா?

கோழிக்குக் கொடுக்காத ஹார்மோன் குழம்பில் வராது. கோழியின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் அடுப்பிலும் வயிற்றிலும் சிதைந்துவிடும். பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டியது ஆன்டிபயாட்டிக் பற்றி. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கு வளர்ச்சிக்காகவே கலந்துவந்தார்கள். 2019இல் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தடைசெய்தது. கறி வாங்கும் இடத்தில், மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கோழியைப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.